நான் விழுங்கிய ‘இப்போதைக்கு’

செய்யது பாய் மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால், அவருடைய ஸ்டென்ட்டுக்குள் கொழுப்பு வளராமல் இருந்திருக்குமா?

வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. பதில் தெரியவில்லை. எங்கள் டாக்டரிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் “இருக்கலாம் சிஸ்டர்” என்றார். முதல் ‘இருக்கலாம்’ எனக்கு ஆமாம் என்று கேட்டது. இரண்டாவது, இல்லை என்று கேட்டது. அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் காதில்தான் இருந்திருக்க வேண்டும்.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் ஒன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோகிராம் செய்து பார்த்து, இருந்தால் ஸ்டென்ட் வைக்கும் அறை அது. முப்பத்திரண்டு வயதில் ‘ரிட்டயர்’ ஆனேன். இந்த வார்த்தை என்னுடையது இல்லை. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று, பேக்கரியில் ஃபோனில் சொன்னதைத் தப்பாகக் கேட்டு, கேக்கின் மேல் பணி ஓய்வு வாழ்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றித் தர நேரமில்லை. இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு அந்தக் கேக்கை வெட்டினேன். மருத்துவமனை வாட்சப் குழுவில் அன்று முதல் நான் ‘ரிட்டயர்டு அக்கா’.

போன மாதம் பவித்ரா கூப்பிட்டாள். எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்தவள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு கையேடு அச்சடிக்கப் போகிறார்களாம்.

“அக்கா, நீங்க பேசுனா பேஷண்டுக சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாகன்னு எல்லாரும் சொல்றாக. நீங்க என்ன சொல்வீகளோ, அதை அப்படியே எழுதித் தாங்க. ரெண்டு பக்கம் போதும்.”

“எழுதிருவேன். ஆனா அதுல ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கும்.”

“எது?”

“அதைச் சொல்ல ரெண்டு பக்கம் பத்தாது பவி.”

“அப்ப நாலு பக்கமா எழுதுங்க. கழிச்சு எடுத்துக்கிறோம்.”

கையேட்டுக்கு ஆகாதது எல்லாம் இங்கே வந்திருக்கிறது.

நர்சிங் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நான்கு வருடம், நிறைய நோட்டு, நிறைய இட்லி. கேத் லேபுக்கு வந்த பிறகுதான் வேலை படித்தேன். எக்ஸ்ரே படாமல் இருக்கப் போடும் ஈய அங்கியைத் தோளில் சுமந்துகொண்டு அரைநாள் நிற்பது, டாக்டர் கேட்பதற்கு முன்பே பொருளைக் கையில் கொடுப்பது, மானிட்டரில் என்ன ஓடினாலும் முகத்தில் காட்டாமல் இருப்பது. இந்தக் கடைசிப் பயிற்சி பிள்ளை வளர்ப்பில் உதவும் என்று நம்பியிருந்தேன். உதவவில்லை. என் மூத்தவள் தும்மினாலே என் முகத்தைப் பார்த்துத்தான் தனக்கு எவ்வளவு காய்ச்சல் என்று தெரிந்துகொள்கிறாள்.

எங்கள் டாக்டருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக “அதை எடுங்க” என்பவர், நாம் தப்பான வயரை எடுத்துக் கொடுத்தால் “தயவுசெய்து அதை எடுத்துத் தர முடியுங்களா?” என்பார். ‘ங்க’ எண்ணிக்கையை வைத்து நிலைமை எவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டுக்கொள்வோம். ஒரு தடவை புதிதாக வந்த டெக்னீஷியன், ரத்தக்குழாயை விரிக்கும் பலூனைக் கீழே போட்டுவிட்டான். “பரவாயில்லைங்க, நீங்க வேணா கொஞ்ச நேரம் வெளியில உக்காந்திருங்களேன்” என்றார். அவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம், ‘இப்போதைக்கு’. டீ வேண்டுமா என்றால் “இப்போதைக்கு வேணாம்.” காரைக்குடி பிடித்திருக்கிறதா என்றால் “இப்போதைக்கு.” கல்யாண நாள் வாழ்த்துச் சொன்னால்கூட “தேங்க்ஸ், இப்போதைக்கு நல்லாப் போகுது” என்பார். அவர் மனைவியும் பக்கத்தில் நின்று சிரிப்பார். ‘இப்போதைக்கு டாக்டர்’ என்று பின்னால் பேசிக்கொள்வோம். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

ஸ்டென்ட் வைப்பதை வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அது சுலபமாகத்தான் தெரியும். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி. அங்கிருந்து ரத்தக்குழாய் வழியே ஒரு மெல்லிய குழாய் இதயம் வரை போகும். எக்ஸ்ரேயில் தெரிகிற சாயமான டையைச் செலுத்தினால் ரத்தக்குழாய்கள் திரையில் கறுப்பாகக் கிளைவிட்டு வரும். எங்கே கிளை இடுங்கியிருக்கிறதோ அங்கே தலைமுடி போன்ற ஒரு வயரைக் கடத்தி, அதன் மேல் பலூனை ஏற்றி, பலூனை ஊதி வழியை அகலமாக்கி, கடைசியில் வலை மாதிரி இருக்கும் சின்ன உலோகக் குழாயை அங்கே விரித்துவிட்டு வருவார்கள். அந்தக் குழாய்தான் ஸ்டென்ட். எங்கள் பக்கம் ‘ஸ்பிரிங்’ என்பார்கள். பலூனை ஊதும்போது நான் நொடிகளை எண்ண வேண்டும். இன்றைக்கும் பிள்ளைக்கு மூக்கில் சொட்டு மருந்து விட்டுவிட்டு இருபது வரை எண்ணுகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

இதில் முக்கியமான விஷயம், அடைப்பை யாரும் வெளியே எடுப்பதில்லை. அது ஓரத்துக்குத் தள்ளி, சுவரோடு வைத்து அழுத்தப்படுகிறது. ஸ்டென்ட் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாளாக ஆக அந்த உலோகக் கம்பிகளின் மேல் மெல்லிய தோல் மாதிரி ஒன்று படர்ந்து மூடும். அது நல்லது. சிலருக்கு, பல வருடம் கழித்து, அந்தத் தோலிலேயே புதிதாகக் கொழுப்பு சேரத் தொடங்கும். அது நல்லதில்லை.

வேலை முடிந்ததும் டாக்டர் கதவைத் திறந்து வெளியே போவார். குடும்பம் மொத்தமும் எழுந்து நிற்கும். “ஸ்டென்ட் வெச்சாச்சு. இப்போதைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. மாத்திரை தொடர்ந்து சாப்பிடணும்.” அவ்வளவுதான். அடுத்த கேஸுக்குத் திரும்பிவிடுவார். கதவு மூடியதும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

“என்னம்மா சொல்லிட்டுப் போறாக?”

அவர் சொன்னதும் தமிழ்தான். ஆனாலும் நான் ஒரு தரம் சொன்னால்தான் அது தமிழாகும்.

சேர்ந்த புதிதில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர். அவருடைய மூத்த மகன் கேட்டார், “இப்போதைக்கு நல்லாருக்குன்னா? பொறவு?”

“பொறவும் நல்லாருக்கும் சார். மாத்திரை சாப்பிட்டா.”

“அப்ப எதுக்கு இப்போதைக்குங்கிறாக? ஏதோ மறைக்கிறாக. ஏய், மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லு!”

ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மதுரையில் மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் நர்சிங் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். “டாக்டர் சொல்றதை டாக்டர் சொல்லட்டும். அந்த வார்த்தை கதவுக்கு உள்ளயே இருக்கட்டும். நீ வெளிய கொண்டுவராத.”

எழுதித் தந்த உத்தரவு இல்லை. ஆனால் நான் பெரியவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். அன்றிலிருந்து என் பேச்சு நான்கு வாக்கியமாக உருண்டு திரண்டது. “அடைப்பை எடுத்தாச்சு. ஸ்பிரிங் வச்சாச்சு. இனிப் பயமில்ல. மாத்திரையை மட்டும் விட்டுறாதீக.” முதல் வாக்கியம் உண்மை இல்லை. மூன்றாவது வாக்கியம் உண்மையா என்று எனக்கே தெரியாது. நான்காவதுதான் முக்கியம், ஆனால் மூன்றாவதைக் கேட்டதுமே மனிதர்கள் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது இப்படித்தான். ஒரு வருடம் ‘சிறந்த செவிலியர்’ சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். வீட்டில் சட்டம் போட்டு மாட்டவில்லை. எங்கே வைத்தேன் என்பதும் ஞாபகமில்லை என்று சொல்ல ஆசைதான். பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

செய்யது பாய் என்னிடம் வந்தது என் முதல் வருடத்தின் கடைசியில். திருப்பத்தூரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தவர். ஐம்பது தாண்டியிருந்தது. சந்தை நாளில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி மைமூன் அம்மா, பள்ளிக்கூடச் சீருடையில் மகள் ரிஸ்வானா, இருவரும் அவரைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட். எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

மேசையில் படுத்திருக்கும்போதே அவர் வாய் ஓயவில்லை.

“ஸ்பிரிங்குங்கிறீகளே, கட்டில்ல வைக்கிற மாதிரியா?”

“பேனா ரீஃபில்ல இருக்குமே பாய், அதவிடச் சின்னது.”

“அம்புட்டுத்தானா! அது என்னைத் தாங்குமா? நானே ரெண்டு மூட்டை கனம்.”

“தாங்கும் பாய்.”

“வாரண்டி உண்டா தாயி?”

டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்டென்ட் பெட்டியோடு ஓர் அட்டை வரும். அளவு, வரிசை எண் எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று அதை அவர் கையில் கொடுத்து, “இந்தாங்க பாய், உங்க வாரண்டி கார்டு, பத்திரம்” என்றேன். அவர் அதை அன்று மாலையே லேமினேட் செய்துகொண்டார். என் நான்கு வாக்கியங்களையும் கேட்டார். மைமூன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மூவரும் லிஃப்ட்டுக்கு நடந்து போனதைப் பார்த்தபோது எனக்கு என் வேலை மேல் ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆறு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வீல்சேரில் வந்தார். மூன்று நாளாக நெஞ்சில் அழுத்தம். உட்கார்ந்திருந்தாலும் வருகிறது, போகிறது. மடியில் பழைய ஃபைல். மேலே லேமினேட் செய்த அட்டை, மண்டியின் மிளகாய் நெடியோடு.

“பாய், மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீகளா?”

“மூணு வருசம் ஒரு நாள் விடலம்மா. பொறவு ரத்த டெஸ்ட்ல கொழுப்பு நார்மல்னு வந்துருச்சு. நார்மலுக்கு எதுக்கு மாத்திரை? அதை மட்டும் நிறுத்திட்டேன். ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு குடுத்தீகளே, அது ஞாபகம் வந்தாப் போட்டுக்கிருவேன்.”

மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் என்று வந்தது. இதை நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் நான்கு வாக்கியத்தில் அதற்கு இடமில்லை.

மைமூன் அம்மா குறை சொல்கிற குரலில் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“அடைப்பை எடுத்தாச்சு, இனிப் பயமில்லன்னு நீதானம்மா சொன்ன? எடுத்தது எப்படி மறுபடி வரும்?”

நான் பி.பி. கருவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அது மேசைமேல்தான் இருந்தது.

ஆஞ்சியோகிராமில் பழைய ஸ்டென்ட் இருந்த இடத்தில் குழாய் மறுபடி இடுங்கியிருந்தது. ஓரம் புகைபோலத் தெளிவில்லாமல் தெரிந்தது. ரத்த ஓட்டம் இருந்ததால் டாக்டர் அவசரப்படவில்லை. “உள்ள போய்ப் பார்க்காம தொட வேணாம்” என்றார். ரத்தக்குழாய்க்குள்ளேயே போய் ஒளியால் படம் எடுக்கும் கருவி ஒன்று உண்டு. அப்போது எங்களிடம் அது இல்லை. தேவைப்பட்டால் மதுரையிலிருந்து கொண்டுவருவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தது. தள்ளுவண்டி அளவு இருந்தது. இங்குட்டு அங்குட்டு இடிக்காமல் கதவுக்குள் நுழைக்கவே கால்மணி நேரம் ஆனது.

அந்தப் படத்தை நான் மறக்க மாட்டேன். ரத்தக்குழாயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டம், கறுப்பும் பொன்னிறமுமாக. ஸ்டென்ட்டின் கம்பிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்ற ஒரு புள்ளி. புள்ளிகள் வட்டமாக, ஒழுங்காக, கடிகாரத்தின் எண்கள் மாதிரி நின்றன. ஒரு கம்பி உடையவில்லை, ஒன்று நெளியவில்லை. ஸ்டென்ட்டைப் பொறுத்தவரை, லேமினேட் செய்த அட்டை சொன்னது எல்லாம் சரி.

வட்டத்துக்கு உள்ளேதான் கோளாறு. கம்பிகளுக்கு உட்புறம் தடிப்பாக ஒன்று வளர்ந்து வழியை மறித்திருந்தது. அதில் ஒரு பக்கம் கலங்கலாக இருண்டிருந்தது, அது கொழுப்பு. அதை மூடியிருந்த மெல்லிய மூடியில் ஒரு கீறல். கீறலில் ஒட்டிக்கொண்டு சின்ன ரத்தக்கட்டி.

“பழைய அடைப்பு கம்பிக்கு வெளியில, வெச்ச இடத்துலயே இருக்கு பாருங்க. இது வேற, சிஸ்டர்” என்றார் டாக்டர் மெதுவாக. “கம்பிக்கு உள்ள புதுசா வளர்ந்தது.”

ஆக, எடுத்தது திரும்பி வரவில்லை. எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. மைமூன் அம்மாவின் கேள்விக்குச் சரியான விடை இதுதான். இதைக் கொண்டுபோய் வராந்தாவில் எப்படிச் சொல்வது?

பலூனை ஊதினார். நான் எண்ணினேன். பலூனை இறக்கிவிட்டு டை செலுத்தியபோது, டை பாதி வழியில் நின்றுவிட்டது. உடைந்த கொழுப்பு கீழே போய்ச் சிறு குழாய்களை அடைத்துவிட்டால் இப்படி ஆகும். பெரிய வழி திறந்திருக்கும், ரத்தம் மட்டும் ஓடாது. பி.பி. தொண்ணூறு, எண்பது, எழுபது என்று இறங்கியது.

“தாயி” என்றார் செய்யது பாய். “நெஞ்சுமேல ஆளு ஏறி நிக்கிற மாதிரி இருக்கு.”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சிஸ்டர், உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, கொஞ்சம் அட்ரினலின் கலந்து கொடுக்கிறீங்களா?”

நான் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் வேறு எப்போதும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. கை தானாக வேலை செய்தது. கலந்து, அளந்து, வாய்விட்டு அளவைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். அவர் குழாய் வழியே நேராக இதய ரத்தக்குழாய்க்குள் செலுத்தினார்.

“பயமில்லன்னு ஒரு தரம் சொல்லு தாயி” என்றார் செய்யது பாய். கண் மூடியிருந்தது.

ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். அப்போது வாயில் வரவில்லை. “நான் இங்கதான் நிக்கிறேன் பாய்” என்றேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

மறுபடி மருந்து. மறுபடி டை. மூன்றாவது முறை, மெல்ல மெல்ல, கிளையின் நுனிவரை கறுப்பு ஓடியது. பி.பி. ஏறியது. பழைய ஸ்பிரிங்குக்குள் புதிய ஸ்பிரிங் ஒன்றை விரித்தார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் பத்து நிமிடம் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. நான் எழுதியதுதான். அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். “சார், நீங்க சொல்ற ‘இப்போதைக்கு’வை நான் வெளிய சொல்றதே இல்ல.”

“தெரியும்” என்றார். “இந்தக் கதவு அவ்வளவு கனமில்ல. ஆறேழு வருசமா உள்ள நின்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“ஏன் சார் ஒரு நாளும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல?”

கையுறையைக் கூடையில் போட்டார். “நான் சொன்னதும் அவங்க முகம் எப்படி ஆகுதுன்னு பார்ப்பேன். நீங்க பேசினதும் அது மாறும். எனக்கும் அது வேண்டியிருந்தது சிஸ்டர்.”

அன்று வராந்தாவில் நான் மைமூன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடைப்பை எடுக்கவில்லை, ஓரம் தள்ளித்தான் வைத்தோம் என்று. இது புதிதாக வளர்ந்தது என்று. மாத்திரை சாப்பிட்டால் வரும் வாய்ப்பு குறையும், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிலும் சிலருக்கு வரும் என்று. இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்று. விழுங்கிய எல்லா ‘இப்போதைக்கு’வையும் ஒரே நாளில் கக்கிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மைமூன் அம்மா அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல், கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு செய்யது பாய் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. மண்டிக்கும் போனதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காரில் செக்கப்புக்கு வருவார். வண்டியிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து வண்டிக்கு. வலது கை விரல் இரண்டு இடது மணிக்கட்டின் நாடியிலேயே இருக்கும். எக்கோ நன்றாக இருக்கிறது. டிரெட்மில்லில் நடக்கவைத்தும் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. “நடங்க, தாராளமா நடக்கலாம்” என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் வாய்ப் பழக்கத்தில் “இப்போதைக்கு எல்லாம் நார்மல்” என்றும் சொல்லிவிடுகிறார். முன்பு அந்த வார்த்தையைத் தடுக்க நான் இருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

என் மூத்தவளுக்கு நான்கு வயது. தடுப்பூசிக்குக் கூட்டிப் போகும்போது “வலிக்குமாம்மா?” என்றாள். வலிக்காது என்றேன். வலித்தது. அடுத்த முறை, “கொஞ்சம் வலிக்கும்” என்று உள்ளதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று ஒரே அழுகை. என் கணவர் பள்ளி ஆசிரியர். எதற்கும் சரியான விடை ஒன்று உண்டு என்று நம்புகிறவர். “முதல் தடவை சொன்னதை இரண்டாவது தடவையும், இரண்டாவது தடவை சொன்னதை முதல் தடவையும் சொல்லியிருக்கணும்” என்றார். யோசித்துப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை.

பவித்ரா கூப்பிட்ட அதே வாரம், ரிஸ்வானா வீட்டுக்கு வந்தாள். சீருடையில் பார்த்த பெண், இப்போது பி.எட். முடித்துவிட்டாள். கையில் கல்யாணப் பத்திரிகை. பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, அத்தா மண்டபத்துக்கு வர மாட்டேங்கிறாக.”

“ஏன்? டாக்டர் வேணாம்னாகளா?”

“டாக்டர் தாராளமாப் போங்கங்கிறாக. இவுகதான் பயப்படுறாக. கூட்டத்துல நெஞ்சு வலிச்சா என்ன பண்றது, பந்தி நடுவுல விழுந்து கல்யாணம் கெட்டுப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு. சித்தப்பா வலியா நிக்கட்டும், நான் வீட்டுல இருந்து ஃபோன்ல பாத்துக்கிறேங்கிறாக.”

நிக்காஹில் பெண்ணின் பக்கம் நின்று, அவளுக்காகச் சம்மதம் சொல்லும் தகப்பனுக்கு ‘வலி’ என்று பேர். தகப்பன் இல்லாவிட்டால்தான் வேறு ஆள்.

“என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றாகக்கா. ‘இத்தன வருசம் நெஞ்சு வலி. இனி கல்யாணத்துலயும் வலியா நில்லுங்கிறீகளேம்மா’ன்னு. சொல்லிட்டு அங்குட்டுத் திரும்பிக்கிட்டாக.”

அவர் வாய் இன்னும் ஓயவில்லை என்பதில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம். ரிஸ்வானா அழவில்லை. பாப்பாவின் கால் கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க ஒரு தரம் வீட்டுக்கு வாங்கக்கா. நீங்க சொன்னா அத்தா கேப்பாக. அன்னைக்குச் சொன்னீகளே, இனிப் பயமில்லன்னு. அதை மட்டும் ஒரு தரம் சொல்லுங்க. அது போதும். கிளம்பி வந்துருவாக.”

“அதைக் கேட்டுத்தானே ரிஸ்வானா, உங்க அத்தா மாத்திரையை நிறுத்துனாக?”

“நிறுத்தாம இருந்திருந்தா வந்திருக்காதா?”

நான் அவளுக்கு டீ போடப் போனேன். அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றிருப்பேன், பால் பொங்கிவிட்டது. திரும்பி வந்தபோது அவளே, “டாக்டர்ட்டயும் கேட்டேன்க்கா” என்றாள். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வரும் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவர் வீட்டில் இருக்கும் நேரம். அவர் தொழுகையையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் என்பதால், எந்த நேரமும் வீட்டில் இருக்கும் நேரம்தான். பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது, பாப்பாவுக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது, பஸ்ஸில் போவதா என்பதையெல்லாம் நான் ஏற்கெனவே நான்கு விதமாக யோசித்து வைத்துவிட்டேன். அங்கே போய் உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்பதைத்தான் யோசிக்க முடியவில்லை. பயமில்லை என்று சொன்னால் அவர் எழுந்து வருவார். மகள் பக்கத்தில் நிற்பார். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் மாத்திரை டப்பாவை மூடி வைத்துவிட்டால், அது நான் இரண்டாவது முறை செய்தது ஆகும். உள்ளதைச் சொன்னால் அவர் டப்பாவை மூட மாட்டார். நாற்காலியை விட்டும் எழுந்திருக்க மாட்டார்.

இதைப் படிப்பவர்களில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருப்பவர்கள் நிச்சயம் சிலராவது இருப்பீர்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் அதைவிட அதிகம் இருப்பீர்கள். நர்ஸுகளும் டாக்டர்களும் எழுதலாம், ஆனால் எனக்கு அவர்கள் பதில் ஏறக்குறைய தெரியும். மற்றவர்கள் எழுதுங்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபோது யார் உங்களிடம் என்ன சொன்னார்கள்? எதைக் கேட்ட பிறகு பயப்படாமல் தெருவில் இறங்கினீர்கள்? அதைக் கேட்ட பிறகும் மாத்திரையை விடாமல் இருந்தீர்களா?

அவர்கள் வீட்டிலிருந்து மண்டபம் இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவை அவர் தன் காலால் நடக்க வேண்டும். மறுநாள் காலை மாத்திரையையும் போட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். இரண்டு வாக்கியம்தான் இருக்கிறது என்றால், எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.